தெள்ளுப்பூச்சி ஒழிப்புக் குறிப்புகள்: ஒரு மதிப்பீடு

கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குச் சென்று, ஒரு மாதம் கழித்துத் திரும்பிக் கதவைத் திறக்கிறீர்கள். நாலடி எடுத்து வைப்பதற்குள் கணுக்காலில் சுருக்கென்று ஏதோ குத்துகிறது. குனிந்து பார்த்தால், எள்ளைவிடச் சிறிய பழுப்பு நிறப் புள்ளிகள் வேட்டியின் மீது துள்ளி விளையாடுகின்றன. வீட்டில் ஒரு மாதமாக மனிதர் இல்லை. பின்கட்டில் குட்டி போட்டிருந்த பூனையும் குட்டிகளோடு வெளியே போய்விட்டது. உண்ண ஒன்றும் இல்லாத வீட்டில் இத்தனை பூச்சிகள் எங்கிருந்து வந்தன?

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் நடந்தது இது. வந்தவை தெள்ளுப்பூச்சிகள். செய்தி தெருவில் பரவியதும் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். மண்ணெண்ணெயால் தரையைத் துடைக்கச் சொன்னார் ஒருவர். மூலைக்கு மூலை அந்துருண்டை போடச் சொன்னார் இன்னொருவர். உப்பைத் தூவச் சொன்னது ஒரு வார இதழின் வீட்டுக்குறிப்பு. "இயற்கையானது, பக்க விளைவே இல்லாதது" என்ற முன்னுரையோடு நீலகிரித் தைலத்தைப் பரிந்துரைத்தது கைப்பேசியில் வந்த ஒரு செய்தி. கடைக்காரரோ, ஒரே தெளிப்பில் எல்லாம் ஒழியும் என்று ஒரு குப்பியை நீட்டினார்.

நான் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். பத்து நாள் கழித்தும் பூச்சிகள் குறைந்தபாடில்லை. திரும்பி வந்த பூனைக்கோ வினை வந்தது. தைலம் தடவிய உடம்பை நக்கிய அது, வாயில் எச்சில் வடிய, கால்கள் தள்ளாட மூலையில் சுருண்டு படுத்தது. கால்நடை மருத்துவர் ஒருவர் அதைப் பிழைக்க வைத்தார். புறப்படும்போது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பூச்சி எங்கே முட்டையிடுகிறது, அந்த முட்டை எங்கே போகிறது, தெரியுமா?" எனக்குத் தெரியவில்லை. எனக்குக் குறிப்புக் கொடுத்த எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, நம்மிடையே வழங்கும் குறிப்புகளை ஒவ்வொன்றாக எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிரியை அறிவோம்

முதலில் ஆளை அடையாளம் காண்போம். பேன் முடியைப் பற்றிக்கொண்டு ஊரும், குதிக்காது. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். அது பூச்சி இனமே அன்று, சிலந்தியின் உறவு. மூட்டைப்பூச்சி மேலிருந்து அழுத்தியது போலத் தட்டையாக இருக்கும். தெள்ளுப்பூச்சியோ இருபுறமும் அழுத்தியது போல ஒடுங்கியிருக்கும். அதனால்தான் அடர்ந்த மயிர்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு ஓட முடிகிறது. இறக்கை கிடையாது. நீளம் 1.5 முதல் 3 மி.மீ. வரை. ஆனால் 30 செ.மீ. தூரத்தைக்கூடத் தாண்டும் தெள்ளுப்பூச்சிகள் உண்டு. தசையின் வலிமையால் மட்டும் இது கூடுவதன்று. ரெசிலின் என்னும் ரப்பர் போன்ற புரதத்தை அது அழுத்தி வைத்துக்கொண்டு, உண்டிவில்லை இழுத்து விடுவதுபோல் ஒரே நொடிப்பில் விடுவிக்கிறது.

வீடுகளில் மிகுதியாகத் தொல்லை தருவது பூனைத் தெள்ளுப்பூச்சியும் அதன் நெருங்கிய இனங்களும். பெயர்தான் பூனை, நாயையும் விடாது. மனிதன் அதற்கு இரண்டாந்தர உணவு. பூனை கிடைக்காதபோதே நம் கணுக்காலுக்கு வருகிறது.

பெண் பூச்சி முதல் முறை இரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்குகிறது. உச்ச நிலையில் நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள் வரை இடும். பேனின் ஈர் முடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தெள்ளுப்பூச்சியின் முட்டைக்கு அந்தப் பசை இல்லை. பூனை நடக்கும் இடமெல்லாம், படுக்கும் இடமெல்லாம் உப்புத்தூள் போல அவை உதிர்கின்றன. மருத்துவரின் கேள்விக்கு விடை இதுதான்: முட்டை பூனையின் மேல் இடப்படுகிறது, ஆனால் பொரிவது நம் தரையில்.

இரண்டு முதல் பத்து நாள்களுக்குள் முட்டையிலிருந்து காலில்லாத மெல்லிய வெண்புழு வெளிவருகிறது. வெளிச்சம் அதற்கு ஆகாது. பாயின் அடியிலும் தரை வெடிப்பிலும் கட்டிலின் இடுக்கிலும் புகுந்துகொள்கிறது. அதன் உணவு என்ன தெரியுமா? தாய்ப்பூச்சிகள் தேவைக்கு மேல் குடித்துக் கழித்த உலர்ந்த இரத்தம். முட்டை விழும் இடத்திலேயே இந்தக் கழிவும் விழுகிறது. பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பும் தாயைப் போன்ற ஏற்பாடு! ஆனால் இப்புழு மென்மையானது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தால் உலர்ந்து சாகும். வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டி நீடித்தாலும் தாங்காது.

வளர்ந்த புழு பட்டு நூலால் ஒரு கூடு பின்னிக்கொள்கிறது. நூல் பிசுபிசுப்பானது; சுற்றியுள்ள தூசியும் மணலும் ஒட்டிக்கொள்ள, கூடு குப்பையோடு குப்பையாக மறைந்துவிடும். அதற்குள் பூச்சி முழு வளர்ச்சி அடைந்துவிட்டாலும் உடனே வெளிவர வேண்டும் என்பதில்லை. மாதக்கணக்கில் உள்ளேயே காத்திருக்க வல்லது. காலடியின் அதிர்வு, உடலின் வெப்பம், மூச்சிலுள்ள கரியமில வாயு ஆகிய இவைதாம் அதற்கு அழைப்பு மணி. பூட்டிய வீட்டின் புதிர் இப்போது விளங்குகிறதல்லவா? பூச்சிகள் எங்கிருந்தும் வரவில்லை. கூடுகளுக்குள் காத்திருந்தன. நாம் கதவைத் திறந்து நடந்ததும் விருந்து வந்தது என்று எழுந்தன.

ஒரு வீட்டிலுள்ள தெள்ளுப்பூச்சிகளை, எல்லாப் பருவங்களையும் சேர்த்து நூறு என்று கொண்டால், ஏறத்தாழ 50 முட்டைகள், 35 புழுக்கள், 10 கூடுகள். வளர்ந்த பூச்சிகள் வெறும் ஐந்துதான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. நம் கண்ணில் படுவதும், நம்மைக் கடிப்பதும், நாம் சினந்து விரட்டுவதும் இந்த ஐந்தை மட்டுமே. குறிப்புகளில் பெரும்பாலானவை தோற்பதன் முதற்காரணம் இங்கே இருக்கிறது.

கராச்சியில் ஒரு சோதனை

குறிப்புகளை எடைபோட ஒரு தராசு வேண்டும். அதைத் தெள்ளுப்பூச்சியின் வரலாறே நமக்குத் தருகிறது.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. நோய்க்கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் 1894இலேயே ஹாங்காங்கில் கண்டறிந்துவிட்டார். ஆனால் எலியிலிருந்து எலிக்கும், எலியிலிருந்து மனிதனுக்கும் அது எப்படித் தாவுகிறது என்பது தெரியவில்லை. பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் தெள்ளுப்பூச்சியின் மீது ஐயம் கொண்டார். 1898 ஜூனில், அன்று பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்த கராச்சியில், ஒரு கண்ணாடி ஜாடியில் நோயுற்ற எலியை விட்டார். அதைத் தொட முடியாதபடி கம்பிவலைக் கூண்டில் ஒரு நல்ல எலியையும் அதே ஜாடிக்குள் வைத்தார். வலையைத் தாண்டக்கூடியவை தெள்ளுப்பூச்சிகள் மட்டுமே. சில நாள்களில் நல்ல எலியும் பிளேக்கால் மாண்டது. சிமோன் அதோடு நிற்கவில்லை. தெள்ளுப்பூச்சி இல்லாத நோயெலியோடு நல்ல எலிகளை வைத்தும் பார்த்தார். அவற்றுக்கு நோய் வரவில்லை. உடன் பணியாற்றியோர் பலர் அவரை நம்பவில்லை. 1905இல் தொடங்கிய பிளேக் ஆராய்ச்சிக் குழுவின் பம்பாய் ஆய்வுகள் அவர் சொன்னதை உறுதி செய்தன.

இதில் நாம் கற்க வேண்டியது அந்த இரண்டாவது ஜாடியைத்தான். 'செய்தேன், பலித்தது' என்பது சான்றாகாது. 'செய்யாத இடத்தில் என்ன நடந்தது?' என்றும் கேட்க வேண்டும். ஆகவே எந்தக் குறிப்பு வந்தாலும் நான்கு கேள்விகளை எழுப்புவோம். ஒன்று, இது பூச்சியின் எந்தப் பருவத்தைத் தாக்குகிறது? இரண்டு, எந்த வழியில் தாக்குகிறது? மூன்று, ஒப்பிட்டுச் சோதித்தார்களா? நான்கு, வீட்டிலுள்ள மற்ற உயிர்களுக்கு, குறிப்பாகத் தவழும் குழந்தைக்கும் உடம்பை நக்கும் பூனைக்கும், அது என்ன செய்யும்?

தெளிப்பு மருந்துக் கட்சி

முதலில் 'அடித்தால் ஒழியும்' என்போரின் வாதம். 1939இல் பால் முல்லர் டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1948இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். மனிதர்களின் உடைகளுக்குள்ளேயே அந்தத் தூளை அடித்த காலம் உண்டு. நம் நாட்டில் பி.எச்.சி. தூளைத் தெருவிலும் வயலிலும் தூவியதைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். 1962இல் ரேச்சல் கார்சன் எழுதிய 'மௌன வசந்தம்' என்ற நூல் இத்தகைய நஞ்சுகள் மண்ணிலும் நீரிலும் உயிர்களின் கொழுப்பிலும் தங்கிவிடுவதை உலகுக்கு உணர்த்தியது. பி.எச்.சி. இந்தியாவில் 1997இல் தடை செய்யப்பட்டது.

இன்றைய மருந்துகள் அவற்றைவிட விரைவில் சிதைபவை என்பது உண்மை. ஆயினும் நம் கேள்விகளுக்கு அவை என்ன விடை தருகின்றன? தெளிப்பு மருந்து எதிரில் பட்ட வளர்ந்த பூச்சியைக் கொல்லும். தூசி போர்த்திய கூட்டுக்குள் அது எளிதில் இறங்குவதில்லை. எனவே 'ஒரே தெளிப்பில் ஒழியும்' என்ற வாக்குறுதி, பூச்சியின் வாழ்க்கையை அறியாதவரின் வாக்குறுதி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதைத் தாங்கிப் பிழைத்த பூச்சிகளின் சந்ததியே பெருகும். தெள்ளுப்பூச்சிகளில் இத்தகைய எதிர்ப்பாற்றல் பல மருந்துகளுக்கு ஏற்பட்டிருக்கிறது.

இன்னோர் ஆபத்தையும் தனியாகச் சொல்ல வேண்டும். நாய்க்கென விற்கும் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பொருள் உண்டு. நாயின் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கான நொதியின் செயல் மிகக் குறைவு. நாய்க்கு மருந்தாவது பூனைக்கு வலிப்பும் சாவும் ஆகலாம். 'சின்ன நாய்க்குப் போடுவதுதானே' என்று பூனைக்குத் தடவுவோர் உண்டு. பூனை என்பது சின்ன நாய் அன்று.

நம் வீட்டோடு கதை முடிவதும் இல்லை. இங்கிலாந்தின் 20 ஆறுகளிலிருந்து 2016 முதல் 2018 வரை எடுத்த நீர் மாதிரிகளின் முடிவுகளை சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லி இருந்தது. அந்நாட்டு வயல்களில் அது ஏறக்குறைய பயன்படாத பொருள். நாய், பூனைகளின் பிடரியில் விடும் சொட்டு மருந்தே குளிப்பாட்டும் நீரின் வழியாக ஆற்றைச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது 2020இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. ஒரு பூனைக்கு ஒரு சொட்டு சிறிது. இலட்சக்கணக்கான பூனைகளுக்கு அது சிறிதன்று.

இயற்கைக் கட்சி

இதைப் படித்ததும், 'அதனால்தான் இயற்கை மருந்தை நாடுகிறோம்' என்பீர்கள். என் குறை இந்தக் கட்சியின் மீதே அதிகம். ஏனெனில் தெளிப்பு மருந்தின் குப்பியிலாவது எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது. இயற்கைக் குறிப்பில் அதுவும் இல்லை.

புகையிலையை ஊறவைத்த நீரை நாயின் மேல் பூசுங்கள் என்கிறது ஒரு பழங்குறிப்பு. பூச்சி சாகும், ஐயமில்லை. ஆனால் கொல்வது நிக்கோடின். அது தோல் வழியாகவும் உடலுக்குள் ஏறும் கடும் நஞ்சு. சீதாப்பழ விதையை அரைத்துப் பூசும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அந்தத் தூள் கண்ணில் பட்டால் கருவிழியின் மேற்படலமே புண்ணாகும் என்பதைக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வசம்பிலுள்ள அசரோன் பூச்சிக்கு ஆகாது என்பது சரியே. ஆனால் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது கண்டு, அமெரிக்கா 1968இல் வசம்பை உணவுப் பொருள்களில் சேர்ப்பதைத் தடை செய்தது.

வேப்பெண்ணெயைக் குறை சொன்னால் நம்மவர்க்குக் கோபம் வரும். வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் தோலுரிப்பையும் வளர்ச்சியையும் கெடுப்பது அறிவியல் ஏற்றுக்கொண்ட உண்மை. அதனால் வேப்பெண்ணெய் யாருக்கும் தீங்கற்றது என்று ஆகிவிடாது. மலேசியாவில் கைவைத்தியமாக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை அந்நாட்டு மருத்துவர்கள் 1981இல் 'லான்செட்' இதழில் எழுதினர். குழந்தைக்கு வாய்வழி ஆகாதது, உடம்பை நக்கியே தூய்மை செய்யும் பூனைக்கு மட்டும் ஆகுமா? பூனையின் மேல் பூசுவது எதுவும் பூனையின் வயிற்றுக்குள் போவதே. நீலகிரித் தைலத்தில் நான் செய்த பிழை இதுவே. நாய்க்கும் பூனைக்கும் பூண்டைத் தின்னக் கொடுக்கும் குறிப்பும் அப்படித்தான். பூண்டும் வெங்காயமும் அவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை.

மண்ணெண்ணெயும் அந்துருண்டையும் இயற்கைப் பொருள்கள் அல்ல. ஆயினும் 'வீட்டில் இருப்பதுதானே' என்ற பழக்கத்தால் அந்த வரிசையில் இடம் பிடித்துவிட்டன. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், தீப்பிடிக்கும், குழந்தை வாய் வைத்தால் நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கே உலை வைக்கும். அந்துருண்டையில் வழக்கமாகச் சேரும் நாப்தலின், ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அக்குறைபாடு நம் நாட்டில் அரியது அன்று. குழந்தைக்கு அது இருப்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்கவும் வழியில்லை.

இந்த வரிசையிலிருந்து பெறும் பாடம் ஒன்றே. ஒரு பொருள் செடியில் விளைந்ததா, ஆலையில் விளைந்ததா என்பது அதன் பாதுகாப்பைச் சொல்லாது. எவ்வளவு, யாருக்கு, எவ்வழியாக என்பவையே சொல்லும்.

தீங்குமில்லை, பயனுமில்லை

இன்னொரு வகைக் குறிப்புகள் உள்ளன. அவை ஆளைக் கொல்லா, பூச்சியையும் கொல்லா. செவிக்கெட்டாத ஒலியால் பூச்சியை விரட்டும் கழுத்துப்பட்டை அவற்றுள் ஒன்று. பூனைகளின் மீது சோதித்து, 1989இல் வெளியான ஆய்வில் அது பயனற்றது எனத் தெரிந்தது. இத்தகைய ஒலிக்கருவிகளை விற்ற அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு 2001இல் அமெரிக்க வணிக ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆயினும் சந்தையில் அவை மறையவில்லை. நாய்க்கு ஈஸ்ட் கொடுத்தால் பூச்சி அண்டாது என்பது மேல்நாட்டிலிருந்து வந்த குறிப்பு. 1983இல் வெளியான ஆய்வில் அதுவும் தோற்றது.

அப்படியானால் பலர் 'எனக்குப் பலித்ததே' என்கிறார்களே, அது பொய்யா? பொய் அன்று, கணக்குப் பிழை. உப்பைத் தூவுமாறு சொன்ன குறிப்பையே பாருங்கள். உப்பைத் தூவுவதற்கு முன் பாய்களை எடுத்து உதறுகிறோம், கட்டிலை நகர்த்துகிறோம், மறுநாள் உப்பைப் போக்க வீடு முழுவதும் கூட்டித் துடைக்கிறோம். பூச்சி குறைகிறது. புகழ் உப்புக்குப் போகிறது, உழைத்ததோ துடைப்பம். உப்பில்லாமல் கூட்டிய வீட்டோடு ஒப்பிட்டிருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். சிமோனின் இரண்டாவது ஜாடியை மறந்துவிடுகிறோம்.

தண்ணீர்த் தட்டில் சிறிது சோப்பைக் கரைத்து, அதன் மேல் இரவில் ஒரு விளக்கை எரிய விடும் குறிப்பு ஒன்றும் உண்டு. சூட்டையும் ஒளியையும் நாடித் தாவும் பூச்சி நீரில் விழும். வெறும் நீரானால் அதன் மேற்பரப்பு இழுவிசை பூச்சியைத் தாங்கும். சோப்பு அந்த விசையைக் குறைப்பதால் மூழ்கிவிடும். இதனால் வீட்டுப் பூச்சிகள் அனைத்தும் ஒழியா. ஆனால் காய்ச்சலுக்கு வெப்பமானி எப்படியோ, அப்படி இது பயன்படும். எத்தனை விழுகின்றன என்று நாள்தோறும் எண்ணி எழுதினால், நாம் வெல்கிறோமா தோற்கிறோமா என்பது தெரியும். சுவரில் செருகிய சிறு மின்விளக்கே போதும். திரி விளக்கானால் திரைச்சீலைக்கும் குழந்தைக்கும் எட்டாமல் வையுங்கள்.

தராசில் நிற்பது எது?

நான்கு கேள்விகளுக்கும் தேறி நிற்பவை மிக எளிய செயல்கள். புதுமை இல்லாததாலேயே அவற்றை யாரும் குறிப்பாக எழுதுவதில்லை.

முதலாவது, விலங்கு படுக்கும் இடத்தைக் கண்டறியுங்கள். முட்டையும் புழுவும் கூடும் வீடெங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. பூனை உறங்கும் மூலையில்தான் குவிந்திருக்கும். அங்குள்ள கருந்தூளைச் சிறிது எடுத்து, நனைத்த வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது மண் அன்று, பூச்சி கழித்த இரத்தம். போர்க்களம் அதுதான்.

இரண்டாவது, அங்குள்ள துணி, சாக்கு, பாய் அனைத்தையும் வாரம் ஒருமுறை கொதிக்கும் அளவு சூடான நீரில் அலசுங்கள். அலச முடியாதவற்றை மொட்டை மாடியில் நல்ல வெயிலில், திருப்பித் திருப்பிக் காயப்போடுங்கள். உலர்வும் சூடும் புழுவுக்கு எமன் என்று பார்த்தோம். கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரம் ஆண்டின் பெரும்பகுதி புழுவுக்குச் சாதகமாகவே இருக்கும்; அங்கே வெயில் இன்னும் தேவை. தரையைத் துடைத்தால் ஈரத்தோடு விட்டுவிடாமல் காற்றோட்டத்தில் உலர விடுங்கள்.

மூன்றாவது, தூசியை நீக்குங்கள். தூசி உறிஞ்சும் கருவி உள்ளவர்கள் பேறு பெற்றவர்கள். அதில் உறிஞ்சப்பட்ட புழுக்களும் கூடுகளும் முழுவதுமாகவும், வளர்ந்த பூச்சிகள் நூற்றுக்கு 96ம் மடிந்ததை ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு 2007இல் காட்டியது. நஞ்சே இல்லாமல், வேகமும் உராய்வும் கொன்றன. துடைப்பத்துக்கு அந்த உறிஞ்சும் விசை இல்லை. ஆகவே இடுக்குகளைத் தென்னங்குச்சியால் கிளறிக் கூட்டுங்கள். கூட்டிய தூசியைச் சோப்பு நீரில் கொட்டுங்கள். தரை வெடிப்புகளைச் சிமெண்டால் பூசுங்கள். வெடிப்பை அடைத்தால் புழுவின் வீட்டையே அடைத்தது ஆகும்.

நான்காவது, விலங்கின் உடம்பு. பேன்சீப்பால் நாள்தோறும், கழுத்தடியிலும் வால் அடியிலும் சற்று அதிகமாக வாருங்கள். சீப்பில் வந்த பூச்சியைச் சோப்பு நீரில் முக்குங்கள். நாயைக் குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போட்டால் பூச்சி தலைக்கு ஏறித் தப்பாது. வீட்டில் விலங்குகள் பல இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும்.

இவை போதாத நிலையும் உண்டு. குட்டிகள் இரத்தம் இழந்து வெளுத்துப்போனாலோ, தோல் புண்ணானாலோ கால்நடை மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள். விலங்கின் எடையைப் பார்த்து அவர் தரும் அளவான மருந்து, நாம் அளவில்லாமல் பூசும் தைலத்தைவிடப் பாதுகாப்பானது. பூச்சியின் இளம்பருவ ஹார்மோனைப் போல நடித்து, புழுவை வளரவிடாமல் தடுக்கும் மருந்துகளும் இன்று உள்ளன. அந்த ஹார்மோன் நம் உடலில் இல்லாததால் நமக்குத் தீங்கு மிகக் குறைவு. நஞ்சைத் தவிர்ப்பது என்பது அறிவைத் தவிர்ப்பது ஆகாது.

ஐந்தாவது, எல்லாவற்றினும் கடினமானது: பொறுமை. மூன்று வாரம் உழைத்த பின்னும் திடீரென்று ஒரு நாள் பத்துப் பூச்சி துள்ளும். 'எல்லாம் வீண்' என்று பலர் விட்டுவிடுவதும், நஞ்சுக் குப்பியைத் தேடி ஓடுவதும் அந்த நாளில்தான். அவை புதிதாகப் பிறந்தவை அல்ல. கூட்டில் காத்திருந்த பழைய கணக்கு. புதிய முட்டை விழாமல் பார்த்துக்கொண்டால் அந்தக் கையிருப்பு இரண்டு மூன்று மாதங்களில் தீரும். என் வீட்டில் இரண்டாம் மாத முடிவில் விளக்கடித் தட்டு பல இரவுகள் வெறுமையாகவே இருந்தது. நான் தெளித்தது எதுவுமில்லை. பூனையும் நலம்.

ஓர் எச்சரிக்கை

வீட்டிலோ தெருவிலோ எலிகள் தாமாகச் செத்து விழுந்தால் மேற்சொன்ன எதையும் நீங்களே செய்துகொண்டிராதீர்கள். செத்த எலியின் உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சிகள் வேறு உடலைத் தேடிக் கிளம்பும். எலியைக் கையால் தொடாமல் சுகாதாரத் துறைக்கு உடனே தெரிவியுங்கள். பிளேக் ஐயம் உள்ள இடத்தில் முதலில் பூச்சியை ஒழித்து, அதன் பிறகே எலியை ஒழிக்க வேண்டும் என்பது விதி. அங்கே பூச்சிமருந்து தேவைப்படும். அதைப் பயிற்சி பெற்றவர்கள் செய்வார்கள். இன்னொன்று: நாய், பூனைகளின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழு தெள்ளுப்பூச்சிக்குள்ளேதான் வளர்கிறது. அப்பூச்சியைத் தவறி விழுங்கும் குழந்தைக்கும் அது வரும். ஆகவே இது வெறும் அரிப்புத் தொல்லை என்று அசட்டையாக இருந்துவிடவும் வேண்டாம்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு நாள் இப்பூச்சி வரலாம். அதற்கு முன்பே குறிப்புகள் வந்து சேர்ந்துவிடும். இதழில் வந்தது என்பதற்காகவோ, பாட்டி சொன்னது என்பதற்காகவோ, விலையுயர்ந்த குப்பியில் அடைத்தது என்பதற்காகவோ ஏற்க வேண்டாம். அதற்காகவே தள்ளவும் வேண்டாம். எந்தப் பருவத்தை, எந்த வழியில், எந்த ஒப்பீட்டின் பேரில், யாருக்கு என்ன விலையில் என்று கேளுங்கள். இக்கட்டுரையையும் அதே தராசில் வைத்துப் பாருங்கள். கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால், பூனைக்கும் குழந்தைக்கும் அதுவே முதற்காப்பு.